சலூன் ஆலோசனை

“காலேஜா? சேர்த்துடாதீங்கண்ணே, சொல்லிட்டேன்!”

கத்தரிக்கோலைக் காற்றில் ஆட்டியபடி சலூன்காரர் போட்ட சத்தத்தில், துணி போர்த்தி உட்கார்ந்திருந்த பிரிண்டிங் பிரஸ்காரருக்குப் பகீரென்றது. அவர் மகளுக்கு காலேஜில் இடம் கிடைத்திருந்தது. சேர்கிறாளா இல்லையா என்று மதியத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மகளோ, “நீங்க சொல்றதுதான்ப்பா” என்று பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டாள்.

“நம்ம ஊர் காலேஜ், கம்ப்யூட்டர் கோர்ஸ்னு சொன்னதும் இப்படிக் குதிக்கிறீங்களே மாஸ்டர்? அதுவரைக்கும் சும்மாதானே இருந்தீங்க?”

“குதிக்காம? நாலு வருஷம்ணே! படிச்சு முடிக்கறதுக்குள்ள அந்த கம்ப்யூட்டரே பழசாயிடும். பாப்பாவுக்கு வேற என்ன வரும்?”

“கேக் பிரமாதமா செய்வா. தெருவே ஆர்டர் கொடுக்குது.”

“அப்படிப் போடுங்க! கையில தொழில் இருக்கற பொண்ணைப் பிடிச்சு கிளாஸ்ல அடைக்கறீங்களே, நியாயமா? இப்பவே கடை போடச் சொல்லுங்க. கூடப் படிச்சதுங்க பட்டம் வாங்கிட்டு வர்றப்போ, பாப்பா அதுங்களுக்கே வேலை கொடுப்பா!”

பிரஸ்காரருக்குப் புல்லரித்துவிட்டது. கண்ணாடியில் தன் பாதி வெட்டிய தலை தெரியவில்லை. ஜேஜே என்று கூட்டம் நிற்கிற கேக் கடைதான் தெரிந்தது. கடைக்கு விசிட்டிங் கார்டு அவரே அடிப்பார், தங்க எழுத்தில்!

வெட்டி முடிந்ததோ இல்லையோ, துணியை உதறிவிட்டு ஃபோனும் கையுமாக வாசலுக்கு ஓடினார்.

“பாப்பா! காலேஜ் வேண்டாம்மா. கேக் கடை போடறோம்!”

“நெஜமாவாப்பா?” அவள் கத்திய கத்தலில் காது அடைத்தது. “இருங்க, இருங்க... இடம் வேண்டாம்னு காலேஜுக்கு அனுப்பிட்டேன்ப்பா!”

“அனுப்பிட்டாளாம் மாஸ்டர்!” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். தெருவில் போகிறவர்களை எல்லாம் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. மகளோடு இன்னும் கொஞ்ச நேரம் கடைக்குப் பேர் யோசித்துவிட்டு, மாஸ்டருக்கு நாலு வார்த்தை நன்றி சொல்லலாமென்று உள்ளே வந்தார்.

சலூன்காரர் முதுகைக் காட்டியபடி ஃபோனில் இருந்தார். இன்னொரு கையில் கத்தரிக்கோல் சந்தோஷமாகக் காற்றில் ஆடியது.

“அழாதே அம்மாடி! அந்த கம்ப்யூட்டர் கோர்ஸ்ல ஒரு இடம் காலியாயிடுச்சு. வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் ஆள் நீதானே? கிளம்பு, கிளம்பு, காலேஜ்ல சேர்த்துவிட அப்பா இதோ வர்றேன்!”