இருபத்து மூன்று படிவங்கள்

பொன்முடி மலையில் தேயிலை பறிக்கும் இருபத்து மூன்று பெண்களுக்கு உலகம்மாள் அநியாயம் செய்துவிட்டாள். ஒருத்தியையும் ஒரு வார்த்தை கேட்காமல், எல்லாருடைய படிவத்தையும் தானே உட்கார்ந்து நிரப்பிவிட்டாள்.

அப்படித்தான் அனுஷா முடிவுகட்டியிருந்தாள். பின்னே என்ன? பெண்களுக்கு வரும் மார்பக நோய்களைப் பற்றி அவள் ஆய்வு செய்கிறாள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று நம்பி உலகம்மாளிடம் படிவங்களைக் கொடுத்தால், இருபத்து மூன்றிலும் ஒரே பதில். 'கட்டி உண்டு. இடது பக்கம். ஒரு வருஷமாக. வலி இல்லை.'

கட்டி என்று எழுதினால் பரிசோதித்தே ஆகவேண்டும். இரண்டு வேன் பிடித்து எல்லாரையும் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க ஒரே சிரிப்பும் பேச்சும்.

அனுஷாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"உலகம்மாக்கா, என் கைடு என்ன கேட்டார் தெரியுமா? 'தோட்டத்துல கட்டி கூட யூனியன்ல சேர்ந்துடுச்சா'ன்னு கேட்டார்!"

"நல்ல மனுஷன்" என்றாள் உலகம்மாள்.

"விளையாடாதீங்க! ஒவ்வொரு பொம்பளைக்கும் அவளோட உடம்பைப் பத்திச் சொல்ல உரிமை இருக்கு. அதை நீங்க பறிச்சிருக்கீங்க. இது மோசடி!"

உலகம்மாள் பக்கத்தில் இருந்த மாடம்மாளைப் பார்த்தாள்.

"மோளே, என் படிவத்துல வயசு நாப்பதுன்னு இருக்கும்" என்று நடுவில் புகுந்தாள் தாசம்மாள். "மோசடின்னா அதுதான். வேற ஒண்ணுமில்ல, கேட்டோ."

வராந்தா குலுங்கியது. அனுஷாவுக்குக் காது சிவந்தது.

ஒவ்வொருத்தியாக உள்ளே போய் வந்தார்கள். மாடம்மாளை மட்டும் இரண்டாவது தடவை கூப்பிட்டு, ஊசி குத்திச் சோதனைக்குச் சதை எடுத்தார்கள். அதற்குப் பிறகு சிரிப்பு நின்றது. சாப்பாட்டுப் பொட்டலங்கள் பிரிக்காமலே கிடந்தன.

நான்கு மணிக்கு டாக்டர் ஜிஜி வந்தார். நேராக மாடம்மாளிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேடிக்க ஒண்ணுமில்ல சேச்சி. கேன்சர் இல்ல, சாதாக் கட்டி. சின்ன ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

வராந்தாவே கூவியது. மாடம்மாளை ஆளாளுக்குக் கட்டிப்பிடித்தார்கள். நர்ஸ் வந்து அதட்டினாள், அவளையும் கட்டிப்பிடித்தார்கள். தாசம்மாள் பொட்டலத்தைப் பிரித்து, முதல் வாயை மாடம்மாளுக்கு ஊட்டினாள்.

டாக்டர் அனுஷாவைத் தனியே அழைத்தார். "மத்த இருபத்து ரெண்டு பேருக்கும் ஒரு கடுகு கூட இல்ல. எதுக்கு இப்படி எழுதினாங்க?"

அனுஷா விடுவிடுவென்று போய், கை கழுவிக்கொண்டிருந்த உலகம்மாளைப் பிடித்தாள்.

"இருபத்து ரெண்டு பொய்! இதுக்காவது பதில் உண்டா அக்கா?"

மாடம்மாள் காதுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறாளா என்று உலகம்மாள் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி சொன்னாள்:

"எட்டு மாசம் கெஞ்சினோம் மோளே. 'ஊர்ல யாருக்கும் இல்லாதது எனக்கு மட்டும் வந்திருக்கு, செத்தாலும் வெளிய காட்டமாட்டேன்'னு கதவைச் சாத்திக்கிட்டா. அப்பத்தான் உன் படிவம் வந்துது. எல்லாருமாப் பேசி வச்சுக்கிட்டு, அவளை நடுவுல உட்கார வச்சு, அவ காது கேட்க ஒவ்வொருத்தியும் 'எனக்கும் உண்டு'ன்னு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இன்னிக்கு மலை இறங்குற வரைக்கும் எங்க எல்லாருக்கும் தைரியம் சொல்லிக் கூட்டிட்டு வந்ததே அவதான்!"