குளிரில் தட்டும் பிஸ்டன்

இடது தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. இருந்தும் என்ஜின் பிளாக்கின் ஒரு முனையை அவன்தான் தூக்கினான்.

மறுமுனையில் அவன் மனைவி.

"விடுய்யா, நான் இழுத்துக்கிறேன். தோள் மறுபடி கழண்டா யாரு மாட்டுறது?"

பட்டறைக்காரர் ஓடி வந்து நடுவில் கைகொடுத்தார். மூவருமாக மேசைமேல் இறக்கினார்கள்.

இது இரண்டாவது பட்டறை.

முதலாவதில் கண்ணாடிக் கதவு இருந்தது, மெத்தை நாற்காலி இருந்தது, குடிக்கச் சில்லென்று தண்ணீரும் கொடுத்தார்கள். பிளாக்கை வைத்துவிட்டுப் போங்கள், நாளைக்கே சிலிண்டர் ஓட்டைகளைக் குடைந்து வைத்துவிடுகிறோம், பிஸ்டனை அப்புறம் மெதுவாக வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள்.

அவள் துணி ஆலையில் வெட்டு மேசையில் நிற்பவள். வாசலுக்கு வந்ததும் சொன்னாள்.

"ஆளையே பாக்காம சட்டை வெட்டுறானுங்க. வா போலாம்."

இங்கே தரையெல்லாம் எண்ணெய். உட்காரக் கவிழ்த்துப் போட்ட ஒரு டப்பா. ஆனால் பட்டறைக்காரர் முதலில் கேட்டதே பிஸ்டன் எங்கே என்றுதான். நாலு பிஸ்டனும் கைக்கு வந்த பிறகு, ஒவ்வொன்றையும் அளந்து, அதனதன் அளவுக்குத்தான் ஓட்டையைக் குடைவாராம்.

அவள் டப்பாவில் உட்கார்ந்துவிட்டாள். பட்டறை முடிவாகிவிட்டது.

இனி பிஸ்டன். அவன் பயந்தது அதற்குத்தான்.

வாரமெல்லாம் கல்குவாரியில் லாரி ஓட்டுகிறவன் அவன். ஞாயிறானால் இந்தக் காரோடு பந்தயத் திடலுக்குப் போய்விடுவான். பழைய கார், வேகத்துக்காக அவன் கையால் டர்போ பூட்டியது. அவள் அதற்கு வைத்த பெயர் சக்களத்தி.

போன பந்தயத்தில் முழு வேகத்தில் பிஸ்டன் உடைந்தது. சிதறிய எண்ணெயில் பின் டயர் வழுக்கி, கார் சுழன்று, ஓரத்துத் தடுப்பில் போய் மோதியது. தோள் கழன்றது அப்போதுதான்.

அன்றிலிருந்து தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த காரின் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்று காலையில் அவளே "கிளம்பு, பட்டறைக்குப் போலாம்" என்றாள். ஏனென்று அவனுக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. ஒரு வார்த்தை தப்பினால் டப்பாவிலிருந்து எழுந்துவிடுவாள். கார் பழைய இரும்புக்குப் போய்விடும்.

பட்டறைக்காரர் இரண்டு பிஸ்டன்களை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இது உருக்கி அச்சுல வார்த்தது. உடைஞ்சதும் இந்த ரகம்தான். இது அடிச்சு அழுத்திச் செஞ்சது, ஃபோர்ஜிங். டர்போ எவ்வளவு ஊதினாலும் அசையாது."

இதோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷர் நல்லவர். நிறுத்தவில்லை.

"ஆனா தங்கச்சி, ஒண்ணு சொல்லிடணும். சூடானா இது நல்லா விரியும். அதனால கொஞ்சம் தாராளமா இடம் விட்டுக் குடையணும். காலையில குளிர்ந்த என்ஜினைப் போட்டா டக்கு டக்குன்னு தட்டும்."

சத்தம் என்றால் அவளுக்கு ஆகாது. நாளெல்லாம் மிஷின் இரைச்சலில் நிற்கிறவள், வீட்டில் ஒரு தட்டு உருண்டாலே பல்லைக் கடிப்பாள். அவன் பட்டறைக்காரருக்குக் கண்ணைக் காட்டினான். மேசைக்கடியில் காலால் இடித்தான்.

"யாரு காலு அது?" என்று அவர் குனிந்து பார்த்தார்.

அவள் கேட்டாள். "எவ்வளவு சத்தம்ணே? உள்ள கதவைச் சாத்திட்டுப் படுத்திருந்தாலும் கேக்குமா?"

"கதவா? பக்கத்துத் தெருவுல படுத்திருந்தாலும் கேக்கும்மா."

போச்சு. அவன் அவசரமாக நடுவில் புகுந்தான். "வார்த்ததையே போட்டுடுங்கண்ணே. நான் மெதுவா ஓட்டிக்கிறேன்."

மெதுவா ஓட்டுவதை அவனே நம்பவில்லை. அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவளும் நம்பவில்லை என்று தெரிந்தது.

ஃபோர்ஜிங் பிஸ்டனைக் கையில் எடுத்தாள். முட்டை பார்ப்பதுபோல வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இதையே போடுங்கண்ணே."

"சத்தம்..." என்று அவன் இழுத்தான்.

அவள் பதில் சொன்னது பட்டறைக்காரரிடம்.

"அந்தப் பந்தயத்தன்னிக்கு விடியுறதுக்கு முன்னாடி, இவரு என்ஜினைப் போடாம தெருமுனை வரைக்கும் காரைத் தள்ளிக்கிட்டே போயிருக்காருண்ணே. நான் வேலை முடிச்சு அசந்து தூங்குறேனாம், எழுப்பக் கூடாதாம். அவ்வளவு பாசம்."

பிஸ்டனை விரலால் தேய்த்தாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு. கார் சத்தமே கேக்கல, இவரு போகலன்னுதான் நெனச்சேன். கூடத்துல இவரு போர்வை குவிஞ்சு கிடந்தது, ஆள் படுத்திருக்கிற மாதிரியே. அதைப் பாத்துக்கிட்டே, 'என் வீட்டுக்காரரு இங்கதான் தூங்குறாரு, நீங்க வேற யாருக்கோ பண்ணிட்டீங்க'ன்னு போனை வச்சிட்டேன்."



பட்டறைக்காரர் துணியை எடுத்து, ஏற்கனவே சுத்தமாக இருந்த அளவுகோலைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவள் பிஸ்டனை அவன் வலது கையில் வைத்து, அவன் விரல்களை மடக்கி மூடினாள். "இனிமே நீ எந்தத் தெரு வரைக்கும் தள்ளிட்டுப் போவேன்னு பாக்குறேன்யா."

அவன் சிரிக்கப் பார்த்தான். பிஸ்டனை இறுகப் பிடித்துக்கொண்டான்.

அந்த விடியலில் அவளிடம் சொல்லாமல் விட்ட ஒரு 'போயிட்டு வரேன்', அவன் கணக்கில் இன்னும் பாக்கி.