மங்கு மறைய

"ப்ளீச் போடுங்க, பீலிங் பண்ணுங்க, என்ன வேணா பண்ணுங்க. இவ மூஞ்சியில இருக்கிற மங்கு இன்னைக்கே போயாகணும்!"

நாற்காலியில் ஒருத்தி கண்ணாடியைப் பார்க்காமல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பேசியது பின்னால் நின்ற அவளுடைய நாத்தனார்.

அழகு நிலையக்காரி விளக்கை இழுத்து முகத்தருகே பிடித்தாள். இரண்டு கன்னத்திலும் மேலுதட்டிலும் காப்பித்தூளைக் குழைத்துப் பூசினாற்போல் பழுப்புத் திட்டுகள். கழுத்தும் கறுத்திருந்தது. தொளதொளவென்ற உடை, அதற்குள் மேடிட்ட வயிறு. கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"வேணாம் அண்ணி. இது எங்கிட்டயே இருந்துட்டுப் போகட்டும்" என்று நாற்காலியில் இருந்தவள் முனகினாள்.

"சும்மா இரு. தெருவுல கால வெச்சா, ஒவ்வொருத்தியும் உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தானே வாயத் திறக்குறா? என்னால தாங்க முடியல."

அழகு நிலையக்காரிக்குச் சுர்ரென்று ஏறியது. இவளால் தாங்க முடியவில்லையாம்! வாழ வந்தவள் பிள்ளையும் சுமக்க வேண்டும், முகத்தில் பளபளப்பும் குறையக் கூடாது. அழகு நிலையக்காரிக்கும் ஒரு நாத்தனார் உண்டு. 'என்னடி, கரி மூட்டைக்குள்ள தலைய விட்டியா?' என்று, இவள் மாசமாய் இருந்தபோது நாலு பேர் முன்னால் சிரித்தவள். அன்றைக்கு விழுங்கிய பதில் இன்னும் தொண்டையிலேயே இருந்தது.

"இதப் பாருங்க. இந்த நேரத்துல கன்னம் கறுக்கும், கழுத்து கறுக்கும், வயித்துல கோடு விழும். நோயும் இல்ல, அசிங்கமும் இல்ல. வெயில்ல போனா குடை பிடிக்கணும், சன்ஸ்கிரீன் தடவணும். டாக்டரக் கேக்காம வேற எதையும் தொடக் கூடாது. ப்ளீச்சு கிளீச்சுன்னு எதையும் என் கையால போட மாட்டேன். உங்க கண்ண உறுத்துச்சுன்னா நீங்க கண்ண மூடிக்கங்க!"

நாத்தனாரின் முகம் செத்துப்போயிற்று. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றாள். 'நல்லா வாங்கிக்கட்டிக்கோ' என்று அழகு நிலையக்காரி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பிறகு குனிந்து, ஈரப் பஞ்சால் அந்தக் கன்னத்தைப் பதமாகத் துடைத்தாள். "நீ ஏம்மா கவலப்படுற? புள்ள பொறந்துட்டா இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அதுவாவே மறைஞ்சிடும்."

இதைச் சொன்னால் வருகிற பெண்கள் எல்லாருக்கும் முகம் மலரும். இவள் சட்டென்று கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அதுவாவே போயிடுமா?"

"போயிடும்மா. சில பேருக்கு மாசக்கணக்குல ஆகும், அவ்வளவுதான்."

நாத்தனார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எத்தனாவது மாசம்னு கேக்குறாங்க. எப்ப பிரசவம்னு கேக்குறாங்க. அந்த மூஞ்சியப் பாத்தா அப்படித்தானே கேக்கத் தோணும்..." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "போன மாசமே பொறந்துடுச்சுங்க. அழவே இல்ல அது. இனிமே ஒருத்தரும் இவகிட்ட கேக்கக் கூடாதுன்னுதான் கூட்டிட்டு வந்தேன்."

பஞ்சு அழகு நிலையக்காரியின் கையிலிருந்து நழுவியது. நாற்காலியில் இருந்தவள் அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"எம் பொண்ணு எனக்குன்னு விட்டுட்டுப் போனது இது மட்டுந்தான்க்கா. இது மறையாம இருக்க ஏதாவது கிரீம் இருக்கா?"