கடைசித் தொட்டிக் கேரட்

ஈஜிபுரா வீட்டு மொட்டைமாடியில், எத்திராஜ் கேரட் தொட்டிகளில் வேப்பம் புண்ணாக்கு தூவினார். கடைசித் தொட்டியை மட்டும் விட்டுவிட்டார்.

“ஏங்க, இதுல போடலையா? புழு வெச்சிடும்,” என்றாள் மனைவி மரகதம்.

“வெக்கட்டும். அது நம்ம தாரணிக்கு.”

மருந்தே அடிக்காமல், ஒரு புழுவையும் அண்டவிடாமல் மூன்று வருஷமாகக் கேரட் வளர்க்கிற மனிதர் அவர். மரகதத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“மாசமா இருக்குற பொண்ணுக்குப் போயி புழு விழுந்ததையா குடுப்பீங்க?”

“போன தடவை நல்லதாத்தான் பொறுக்கி வைட்ஃபீல்டுல அவ வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். அத்தனையும் குப்பையில போட்டுட்டா.”

“ஐயையோ, ஏன்?”

எத்திராஜ் தயங்கினார்.

“ ‘உனக்குத் தெரியாம அம்மா மருந்தடிச்சிருக்கும்பா. இல்லேன்னா ஒரு பூச்சிக்கடிகூட இல்லாம இருக்குமா?’ன்னு கேக்குறா.”