ஏழு ஆமைகள்

உதவி கேட்கப் போகும்போது வயிறு நிறைந்த முகத்தோடு போகாதே என்றோ என்னவோ, முன்பு ஆமைகளுக்காக விண்ணப்பம் எழுதிவந்த கிழட்டு நாரை சொல்லியிருந்தது. இப்போது அந்த வேலை மைனாவுடையது. குளத்தில் அழிந்துவரும் ஆமைகளுக்காக வருடாவருடம் மலைமேல் இருக்கும் கழுகுக்கு விண்ணப்பம் எழுதி உதவி வாங்கிவரும். ஆமைகள் முட்டையிடும் மணல்மேட்டைச் சுற்றி நரி நுழையாதபடி முள்வேலி நின்றது அந்த உதவியால்தான்.

போன வருடம் ஏழு ஆமைகள். இந்த வருடம் நாற்பத்தொன்று.

மைனா சந்தோஷமாக அறிக்கை எழுத உட்கார்ந்தபோது, கழுகிடம் குமாஸ்தாவாக இருக்கும் அணில் வந்தது.

"ஆமைங்க பத்தைத் தாண்டினா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம், அண்ணே. வேலியைப் பிடுங்கி வேற எங்கேயாவது நட்டுடுவாங்க. பார்த்து எழுதுங்க."

அணில் போனதும் தாய் ஆமை மெல்ல ஏறி வந்தது.

"என் பிள்ளைங்க எல்லாரையும் எழுதிட்டியா, தம்பி? கடைசியாப் பொரிஞ்சது கொஞ்சம் நொண்டும். அதை விட்டுடாதே."

"ஏழுன்னுதான் எழுதணும், அக்கா. நெசத்தைச் சொன்னா வேலி போயிடும்."

"ஏழா? எந்த ஏழு?"

மைனா வேலிப் பக்கம் திரும்பியது. வேலிக்கு வெளியே நரி, முன்னங்கால்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது.

"அந்த நொண்டியாவது ஏழுல வருமா?" என்றது தாய் ஆமை.

மைனா ஏழு என்று எழுதி, நொண்டிக் குட்டியின் படத்தை முதல் பக்கத்தில் வைத்தது.