துடைக்காமல் விட்டது

"நான்தாங்க. தரையத் தொடைக்காம விட்டது நான்தாங்க" என்றாள் ஆறாயி.

சாமினி துள்ளி எழுந்தாள்.

"கேட்டீங்களா மேட்ரன்? அவவே ஒத்துக்கொள்ளுறா! எழுபத்தெட்டு வயசு மனுசன் நடக்கிற இடத்தில தண்ணியை விட்டிட்டு எங்க வாய் பார்த்துக்கொண்டு நிண்டவ?"

கொழும்பு கொட்டாஞ்சேனையில் வீட்டோடு வீடு ஒட்டித்தான் இருக்கும். முதியோர் இல்லத்தில் சாமினி போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு யன்னல் இரண்டு திறந்தன. மேட்ரன் பேர்ணடெற் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆறாயி பார்த்த பார்வையில் பேசாமல் இருந்துவிட்டார்.

கட்டிலில் சாமினியின் அப்பா ஸ்ரான்லி, வலது கையில் பிளாஸ்டரோடு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஹோலில் விழுந்தவர். மணிக்கட்டு முறிந்து, ஒப்பரேஷன் செய்து, நேற்றுத்தான் ஆஸ்பத்திரியால் வந்திருந்தார்.

"டடி, நீங்களாவது சொல்லுங்கோவன். தண்ணியிலதானே வழுக்கினது?"

"எனக்கு ஞாபகமில்லை மகள்."

"பாருங்கோ, பயத்தில எல்லாம் மறந்திட்டார்!" சாமினிக்குக் கண் கலங்கிவிட்டது. வாய்தான் கொஞ்சம் நீளம். ஆனால் வெள்ளவத்தையிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் வருகிற பிள்ளை. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

"இண்டைக்கு இன்சூரன்ஸ் ஆள் வாறார்தானே? அவரிட்டயே சொல்லுறன். இவவை வேலையால நிப்பாட்டாமல் நான் இந்த இடத்தை விட்டு அசையமாட்டன்."

நடக்கக்கூடிய காரியம்தான். ஊழியரின் கவனயீனம் என்று ஃபைலில் ஏறினால், அந்த ஊழியரை நீக்கும்வரை இல்லத்தின் காப்புறுதியைப் புதுப்பிக்கமாட்டோம் என்று கம்பனி எழுதியே கொடுத்திருந்தது. பதினொரு வருடமாக அங்கே வேலை செய்கிற ஆறாயிக்கு இது தெரியாததும் இல்லை. தெரிந்துகொண்டே போய்க் கழுத்தை நீட்டுகிறாள் என்றால், என்ன மனுசியோ!

இன்சூரன்ஸ் அதிகாரி ஜவாத் பத்து மணிக்கு வந்தார். சாமினி சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"முதல்ல கமராவைப் பாப்பம்" என்றார்.

சுவரில் கமரா பூட்டினால் காப்புறுதிக் கட்டணம் குறையும் என்று கம்பனி சொன்னதைக் கேட்டு மேட்ரன் போன வருடம் ஹோலில் ஒன்று பூட்டியிருந்தார். அதன் பதிவை ஜவாத்தும் மேட்ரனும் ஒபிஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார்கள். ஆறாயி வெளியே சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

கதவு திறந்தது.

"க்ளெய்ம் பாஸ் மேடம். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கக் கம்பனி குடுக்கும். இது விபத்து. இங்க வேலை செய்ற ஒருத்தர்லயும் பிழை இல்ல."

சாமினிக்கு முதலில் அப்பாடா என்றிருந்தது. அடுத்த நிமிசமே கோபம் திரும்பி வந்துவிட்டது.

"அதெப்பிடிப் பிழை இல்லை? அவவே ஒத்துக்கொண்டவ! அந்த வீடியோவைக் காட்டுங்கோ பார்ப்பம்."

ஜவாத் ஆறாயியைப் பார்த்தார். அவள் கும்பிடாத குறையாக நின்றாள்.

"காட்டேலா மேடம். கம்பனி ரூல்."

"எல்லாரும் சேர்ந்து மூடி மறைக்கிறீங்கள். சரி, டடிக்காக இந்த முறை விடுறன். இன்னொருக்கா ஒரு சொட்டுத் தண்ணி தரையில கிடக்கட்டும், அப்ப தெரியும் நான் ஆரெண்டு!"

உள்ளே போய் அப்பாவின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். "ஞாயிற்றுக்கிழமை வாறன் டடி" என்று சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறிப் போனாள்.

"அப்பிடி ஒரு ரூல் இருக்கா தம்பி?" என்று கேட்டார் மேட்ரன்.

"இப்பதான் வந்தது மிஸ்" என்று சிரித்த ஜவாத், ஆறாயி பக்கம் திரும்பினார்.

"ஏன் அக்கா இப்பிடி? தரையில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நீங்க அந்த மூலையில வேற ஒரு அம்மாவுக்குத் தேத்தண்ணி பருக்கிக்கொண்டு இருக்கிறீங்க. அந்த மேடம்தான் கீழ உக்காந்து அவங்கட வாப்பாட ரெண்டு காலுக்கும் எண்ணெய் தேய்ச்சு விடுறாங்க. ஓட்டோக்காரன் ஹோர்ன் அடிச்ச உடன, துடைக்காம எழும்பி ஓடுறாங்க. கை காட்டுறதுக்கு வாப்பா யன்னலுக்கு நடக்கிறார், எண்ணெய்க்கால் டைல்ஸ்ல வழுக்குது. எல்லாம் பளிச்சென்று தெரியுது. கமராவே உங்கட பக்கம் நிக்குது, நீங்க பொய் சொல்லி ஏச்சு வாங்குறீங்க!"

"ஐயாவுக்கும் எல்லாம் ஞாபகம் இருக்குதுங்க. அவரும் சொல்லலதானே?"

"அப்ப திரும்ப விழுந்தா?" மேட்ரனுக்குப் பொறுக்கவில்லை. "வாற ஞாயிறும் அந்தப் பிள்ளை எண்ணெய்ப் போத்தலோடதான் வரும்."

ஆறாயி இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். அடியில் ரப்பர் ஒட்டிய ஒரு சோடி சொக்ஸ்.

"காலையிலதான் வாங்கினேன் மிஸ். இனிமே எண்ணெ போடுறப்ப நான் பக்கத்துலயே நிப்பேன். முடிஞ்ச ஒடனே தொடைச்சு இத மாட்டி விட்டுட்டுத்தான் மறுவேல."

"எல்லாம் சரி அக்கா" என்றார் ஜவாத். "உங்கட வேலை போயிருந்தா?"

"வேற எங்கயாச்சும் தேடிக்கலாங்க. அந்த எண்ணெக்காகத்தான் ஐயா மிச்ச ஆறு நாளும் விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருக்காரு. தன்னாலதான் அப்பா விழுந்தாருன்னு தெரிஞ்சா, அந்தப் புள்ள இனி அவரு காலத் தொடுமாங்க?"