கணுவுள்ள பலகை

அண்ணன் பலகை தன் தம்பியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு கணப்படுப்புக்குள்தான்.

இரண்டும் ஒரே தேக்கில் அறுத்தவை. மலையூர் பங்களா ஒன்றில், குளிர்காயும் கணப்படுப்புக்கு மேலே பதிக்க ஒரு பலகை வேண்டுமென்று இரண்டையும் பட்டறையில் கிடத்தியிருந்தார்கள். தம்பியின் நடுவில் ஒரு கணு, பார்த்தாலே தெரியும். அண்ணனுக்கு உள்ளே ஒரு விரிசல். அது தம்பிக்கு மட்டுமே தெரியும்.

அருளப்பன் ஆசாரி விரலை மடக்கித் தட்டிப் பார்க்க வந்தார்.

"அண்ணே, நான் முட்டுக்கொடுக்கிறேன். நீ மூச்சை அடக்கிக்கோ," என்றது தம்பி.

அண்ணன் கணீரென்று ஒலித்தது.

"கணுப் பலகை இழைப்புளிப் பல்லை உடைச்சிடும், விறகுக்குத்தான் ஆகும்," என்றார் ஆசாரி. "ஆனா இதுல விரிசல் இருந்தா அந்தக் கணுப் பலகையைத்தான் பதிக்கணும்." சந்தேகத்தோடு அண்ணனை மறுபடி தட்டினார்.

மூச்சை விட்டிருந்தால் சத்தம் பொத்தென்று கேட்டிருக்கும். அண்ணன் விடவில்லை.

புதுக் கணப்பில் முதல் தீ மூட்ட, கழித்த மரத்தைத் துண்டுபோட்டுச் சாக்கில் இனாமாக அனுப்புவது அந்தப் பட்டறையின் வழக்கம். தம்பி கிடந்த சாக்கும் அண்ணனும் ஒரே வண்டியில் போயின.

"அண்ணே, மெருகு பூசி மாப்பிள்ளை மாதிரி இருக்கியே!" என்றது தீக்குள்ளிருந்து தம்பி. "அந்த விரிசல் இன்னும் வலிக்குதா?"

அண்ணன் அடக்கியிருந்த மூச்சை விட்டது. "வலிக்குதுடா," என்று அது சொன்னபோது கீழே கேட்க ஆளில்லை.

காலையில் சாம்பலுக்குள் கணு மட்டும் எரியாமல் கிடந்தது.